கரையாத துத்தநாகம்

நோயாளியின் வாயில் கை இருக்கும்போது மனம் வேறெங்கும் போகக் கூடாது என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். படகு வாங்கிய பிறகு என் மனம் அப்படி ஓரிடத்தில் நின்றதே இல்லை. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் என் பல் மருத்துவமனை. கீழே லாரி போனால் என் கண்ணாடிக் கதவு அதிரும். யாருடைய கடைவாய்ப் பல்லையோ சுத்தம் செய்துகொண்டிருப்பேன். திடீரென்று துறைமுகத்துத் தண்ணீருக்குள் கிடக்கும் எங்கள் படகின் அடிவயிறு நினைவுக்கு வந்துவிடும். மேலேயிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று அழகாக மிதக்கும். கீழே உலோகம் அரித்துக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? இரும்பென்றால் துருவாவது கண்ணில் படும். வெண்கலத்தில் அதுவும் இல்லை.

படகு எனக்கும் என் நாத்தனாருக்கும் பாதிப் பாதி. நாத்தனார் என்றால் என் கணவரின் ஒரே தங்கை. நாற்பதைத் தொடும் வயது. புனேயில் அவள் கல்யாணம் முறிந்தபோது ஒரு சூட்கேஸும் ஒரு கம்ப்யூட்டர் பையுமாகச் சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள். வீட்டிலிருந்தே செய்கிற சாஃப்ட்வேர் வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் உட்கார மாட்டாள். மொட்டை மாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்துகொண்டேதான் பேசுவாள். கீழே நான் தோசை ஊற்றிக்கொண்டிருப்பேன், தலைக்கு மேலே அவள் காலடி போய் வந்துகொண்டே இருக்கும். சில நாள் ஹெட்செட் இல்லாமலும் அந்தக் காலடி கேட்கும்.

பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தரும் வாராந்திர வகுப்பை அவள்தான் எங்கேயோ கண்டுபிடித்தாள். “அண்ணி, நீங்களும் வாங்களேன். தனியா போக ஒரு மாதிரி இருக்கு” என்றாள். என் மகன் அப்போதுதான் மேற்படிப்புக்கு வெளியூர் போயிருந்தான். என் கணவர் தாம்பரத்தில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனை, இரண்டாம் ஆராதனை, அதற்கு மேல் பாட்டுப் பயிற்சி என்று அவர் வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். ஆகவே நாங்கள் இருவரும் சனிக்கிழமை மாலை ஆராதனைக்குப் போய்விட்டு, ஞாயிறு காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கத் தொடங்கினோம். சபையில் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, “கடல்ல போயி என்ன செய்வீங்க?” என்று கேட்டார். “காத்து வர்ற பக்கம் பார்த்துக்கிட்டு இருப்போம்” என்றேன். அவருக்கு அது பதிலாகத் தோன்றவில்லை.

சின்னப் படகுகளில் பழகி முடித்த மறு வருடம், வெளிநாட்டில் மகளோடு போய் இருக்கப் போகிற ஒருவர் தன் பழைய படகை விற்பதாகச் சொன்னார்கள். ஃபைபர் உடம்பு, ஒரு பாய்மரம், உள்ளே இரண்டு பேர் படுக்கிற அளவு இடம், காற்று இல்லாத நேரத்துக்கு ஒரு சிறிய டீசல் எஞ்சின். நாத்தனார் அதன் சுக்கான் பிடியைப் பிடித்த மாதிரியைப் பார்த்ததும், இதை வாங்காமல் வீட்டுக்குப் போக மாட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வாங்கும் முன் படகைக் கிரேனில் தூக்கிக் காட்டினார்கள். தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கிய அந்த அடிப்பாகத்தில், ப்ரொப்பெல்லருக்கு முன்னால், அதைச் சுழற்றும் ஷாஃப்ட்டைக் கவ்விக்கொண்டு எலி கடித்த சோப்புக் கட்டி போல ஒன்று இருந்தது.

“இது என்ன அண்ணி, இவ்வளவு கேவலமா இருக்கு?” என்றாள் நாத்தனார்.

“துத்தநாகம். கரையறதுக்குன்னே வச்சிருக்காங்க.”

எனக்கு அது தெரிந்ததற்குக் காரணம் படகு அல்ல, பல். ஒரு பல்லில் வெள்ளி அடைப்பு, அதற்கு நேர் மேலே தங்க உறை என்று இருப்பவர்கள் சில பேர் வருவார்கள். வாயை மூடினால் சுரீர் என்கிறது டாக்டர் என்பார்கள். இரண்டு வேறு வேறு உலோகம், நடுவில் எச்சில். அவ்வளவு போதும், அது ஒரு குட்டி பேட்டரி. படகிலும் அதே கதைதான். ப்ரொப்பெல்லர் வெண்கலம், ஷாஃப்ட் எவர்சில்வர், வால்வுகள் இன்னொன்று. எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் ஊறுகின்றன. கண்ணுக்குத் தெரியாத மின்சாரம் ஓடும். இருப்பதிலேயே எளிதில் கரையும் உலோகம் எதுவோ அது கரையும். அதனால் எல்லாவற்றையும் விட எளிதாகக் கரைகிற துத்தநாகத்தைக் கொண்டுபோய் அங்கே மாட்டிவிடுகிறார்கள். அது கரைகிற வரைக்கும் மற்றவை தப்பிக்கும். அது தீருமுன் புதியதை மாட்ட வேண்டும்.

ரயிலில் திரும்பி வரும்போது நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். நாத்தனார் பல்லாவரம் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு, “அப்போ நாம இங்க வீட்ல உக்காந்திருக்கப்ப கூட அது அங்க கரைஞ்சுகிட்டே இருக்குமா?” என்று கேட்டாள்.

“ஆமாம்.”

“இனிமே எனக்குத் தூக்கம் வந்த மாதிரிதான்” என்றாள்.

புதிய கட்டிக்கு மும்பைக்குச் சொல்லி அனுப்பினோம். வருகிறது, வருகிறது என்றார்கள், வரவில்லை. இதற்குள் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. பெருங்களத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் என் மருத்துவமனையின் கம்ப்ரசருக்கு இரும்புத் தாங்கி செய்து கொடுத்திருந்தார். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லாத மனிதர். பழைய கட்டியைக் கொண்டுபோய்க் காட்டினோம்.

“ஜிங்க்தானே டாக்டரம்மா? அச்சு எடுத்து ஊத்திக் குடுத்துட்றேன். இதுக்குப் போயி பம்பாய் வரைக்கும் ஏன் போறீங்க?” என்றார்.

பழைய ஸ்கூட்டர் கார்புரேட்டர், உடைந்த கதவுக் கைப்பிடி என்று அவரிடம் ஒரு டிரம் நிறையத் துத்தநாகச் சாமான் கிடந்தது. அதை உருக்கி வார்த்து, லேத்தில் கடைந்து, இரண்டு பாதியாகப் பிளந்து போல்ட் போட்டு அவர் கொடுத்த கட்டி, கோயில் கலசம் போலப் பளபளத்தது. நாத்தனார் அதை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

கோடைக்காலம் முழுவதும் ஞாயிறுதோறும் போனோம். வாரத்தில் ஆறு நாள் எனக்கு அந்தக் கட்டியின் நினைப்புதான். எவ்வளவு கரைந்திருக்கும், பாதி போயிருக்குமா, மாட்டிய போல்ட் தளர்ந்து கட்டியே விழுந்திருக்குமா என்று. ஜூலை வாக்கில், துறைமுகத்தில் படகுகளைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை முங்கிப் பார்க்கச் சொன்னோம். காசிமேட்டுக்காரர், கரையில் நிற்பதைவிடத் தண்ணீரில் நிற்பதே அவருக்குச் சுலபம். போனவர் மேலே வந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

“அக்கா, ஜிங்க்கு புச்சு மாதிரியே கீது! ஒண்ணும் ஆவல. இன்னும் ரெண்டு வருசம் வரும் பாரு.”

நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் பிரியாணி வாங்கிப் போனோம். கணவரும் சந்தோஷப்பட்டார், அவருக்கு விஷயம் முழுசாகப் புரிந்திருக்காவிட்டாலும். எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். கரைவதற்கென்று வைத்த பொருள் ஏன் கரையவில்லை என்று கேட்டேன்.

“நம்ம படகுல கரண்ட் ஓடலன்னு அர்த்தம். நல்லதுதானே?” என்றாள் அவள். “உங்களுக்கு நல்லது நடந்தாக்கூட சந்தேகம் அண்ணி.”

இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் கை கழுவும்போது, ஸ்டேஷன் படியேறும்போது எல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, நல்ல வெயிலும் மிதமான தென்காற்றுமாக இருந்த ஒரு ஞாயிறு. அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தோம். நாத்தனார் சுக்கானில். பாய் நன்றாக உப்பி இழுத்துக்கொண்டிருந்தது. பிளாஸ்க்கை எடுக்கலாம் என்று நான் உள்ளே இறங்கினேன். காலடியில் தரைப்பலகை அசைந்தது. அழுத்தினால் பக்கவாட்டில் தண்ணீர் எழும்பி வந்து பாதத்தை நனைத்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

“உள்ள தண்ணி இருக்கு” என்று கத்தினேன்.

“எவ்வளவு?”

“பலகை மிதக்குது!”

படகின் அடியில் துளை போட்டு, எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீரை உள்ளே இழுக்க ஒரு வால்வு வைத்திருப்பார்கள். கசிவு அங்கேதான். அதை மூடிவிட்டால் போதும் என்று கைப்பிடியைத் திருகினேன். பெரிய பலம் எதுவும் கொடுக்கவில்லை. கைப்பிடி, வால்வின் கழுத்தோடு சேர்ந்து அப்படியே என் கையில் வந்துவிட்டது. உடைந்த இடம், வெட்டிய கொய்யாப்பழத்தின் உள்பக்கம் போல வெளிர்சிவப்பாக இருந்தது. பித்தளையில் மஞ்சள் நிறமே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது ஒரு கணம்தான். அதற்குள் உடைந்த துளையிலிருந்து தண்ணீர் கை கனத்துக்கு எழும்பி என் முகத்தில் அடித்தது.

ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் கூம்பாகச் சீவிய மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கட்டியிருந்தோம். அதைத் துளையில் சொருகிக் கையால் அழுத்தினேன். நிற்கவில்லை. துளையின் விளிம்பே பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. நாத்தனார் பாயைத் தளர்த்திவிட்டு உள்ளே குதித்தாள். தன் துப்பட்டாவை உருவிக் கட்டையைச் சுற்றிச் சொருகினாள்.

“பிடிச்சுக்கோங்க அண்ணி. ரெண்டு கையாலயும்.”

எஞ்சின் ஸ்பேனரை எடுத்துக் கட்டையின் தலையில் அடித்தாள். ஒரு அடி என் கட்டை விரலில் விழுந்தது, நானும் கத்தவில்லை. கடைசியில் தண்ணீர் கசிவாகக் குறைந்தது. எஞ்சினை இனி ஓட்ட முடியாது. அவள் மேலே போய்ப் பாயை இழுத்துக் கட்டித் திரும்ப, நான் கட்டையின் மேல் ஒரு காலை அழுத்தி வைத்துக்கொண்டு பக்கெட்டால் இறைத்து இறைத்து வெளியே கொட்டினேன். காற்று துறைமுக வாசல் வரை எங்களைக் கைவிடவில்லை.

திரும்பும் ரயிலில் இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் உட்காரவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சானடோரியம் வரை நின்றே வந்தாள்.

கணவர் என் விரலில் சுற்றியிருந்த துணியையும் தங்கையின் நனைந்த தலையையும் பார்த்தார். முழுவதும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

“போதும். வித்துடுங்க.”

“அண்ணா...”

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போயிருந்தா நான் யாருக்குப் போன் பண்ணியிருப்பேன், சொல்லு?”

அவள் மாடிக்குப் போனாள். காலடி தொடங்கியது. அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மேற்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலடி போகிற திசையில் அவர் கண்ணும் போய் வந்தது. காபி ஆறிவிட்டது. பிறகு அவரே, “சரி, முதல்ல மேல தூக்கிப் பாருங்க. என்னன்னு தெரியாம விக்கவும் கூடாது” என்றார்.

தூக்கினோம். மழைக்கு முன்னால் துறைமுகக் கரையில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கணவரின் நண்பர் ஒருவரின் காலி மனை இருந்தது. பாய்மரத்தைக் கழற்றிப் படகைத் தாழ்வான டிரெய்லரில் ஏற்றினோம். ஜி.எஸ்.டி. சாலை நெடுக பஸ் ஜன்னல்களில் எல்லாம் செல்போன் நீண்டது. எங்கள் தெருவில் திரும்ப முடியாமல் டிரைவர் முன்னும் பின்னும் எடுத்து, ஒரு கேபிள் ஒயரை மட்டும் அறுத்துவிட்டு ஒருவழியாக உள்ளே சேர்த்தார். சிட்லபாக்கத்தில் ஏரிக்கு அருகில் குடியிருக்கிற மனிதர்கள், மழைக்காலத்துக்கு முதல் வாரம், பக்கத்து மனையில் ஒரு படகு வந்து நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

“இந்த வருஷம் மழை பலமாமா சார்?” என்று எதிர்வீட்டு ரிடையர்டு ஆசிரியர் என் கணவரைக் கவலையோடு கேட்டார்.

“அதெல்லாம் இல்ல சார், ரிப்பேருக்கு வந்திருக்கு.”

“எதுக்கும் எனக்கும் எங்க வீட்டு மேடத்துக்கும் ரெண்டு சீட் போட்டு வையுங்க. சாமான் அதிகம் கிடையாது.”

ஆள் சிரித்தாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

தார்ப்பாயைக் கூரையாகக் கட்டி அடியில் குனிந்து பார்த்தோம். ப்ரொப்பெல்லரின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னக் குழி. சுரண்டினால் அதே கொய்யாப்பழ நிறம், கலவையில் இருந்த துத்தநாகம் கரைந்து வெறும் செம்பு மிஞ்சிய நிறம். மீதி இரண்டு வால்வுகளையும் ஸ்பேனரால் தட்டினால் கணீர் என்ற சத்தம் இல்லாமல் பொத்தென்று கேட்டது. எல்லாம் வெறும் பித்தளை. பழைய சொந்தக்காரர் எப்போதோ மலிவாகப் போட்டது போலிருக்கிறது. இத்தனை நோஞ்சான்களுக்கும் நடுவில், ஷாஃப்ட்டின் மேல், லேத்காரர் வார்த்த கட்டி முழுசாக, கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. மேலே சாம்பல் நிறத்தில் கெட்டியான ஏடு மட்டும் படிந்திருந்தது.

“இதுதான். இது வேலையே செய்யல. இது கரையாததுனாலதான் மத்ததெல்லாம் கரைஞ்சிருக்கு” என்றேன்.

“வால்வு பித்தளை அண்ணி. அது எப்படியும் போயிருக்கும்.”

“ப்ரொப்பெல்லர்?”

“ஒயரிங்ல எங்கயாவது லீக் இருக்கும். இல்ல பக்கத்துப் படகுலேர்ந்து கரண்ட் வந்திருக்கும். ஜிங்க் ஜிங்க்தானே, அது எப்படி வேலை செய்யாமப் போகும்?”

“அப்ப ஒயரிங்கைப் பார்.”

“பார்த்துட்டேன்! எல்லாம் சரியா இருக்கு!” என்று கத்திவிட்டு, ஸ்பேனரைச் சேற்றில் எறிந்துவிட்டுப் போனாள். அந்த வாரம் எங்களுக்குள் பேச்சு, சாப்பிட வா, வந்துட்டேன் என்ற அளவில்தான். மழை வேறு பிடித்துக்கொண்டது. காலடி மொட்டை மாடியிலிருந்து மாடி அறைக்கு இடம் மாறியது. அறை சின்னது, ஆகவே திரும்புகிற சத்தம் அடிக்கடி கேட்டது. நானும் நோயாளிகளுக்கு நடுவில் எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போனேன். சாலையில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க என்று நர்ஸிடம் சொன்னேன்.

சனிக்கிழமை அவள் கீழே இறங்கி வந்தாள். கையில் கம்ப்யூட்டர்.

“துத்தநாகத்துல இரும்பு துளி கலந்தாக்கூட மேல ஏடு கட்டிக்குமாம் அண்ணி. ஏடு கட்டினா அடைச்ச மாதிரி. கரண்ட் போகாது. அதுக்காகவே ரொம்ப சுத்தமான துத்தநாகத்துலதான் இதை வார்ப்பாங்களாம்” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, “ஆனா படிச்சதை வச்சு நான் நம்ப மாட்டேன். பாக்கணும்” என்றாள்.

மும்பைக் கட்டி ஒருவழியாக அந்த வாரம்தான் வந்து சேர்ந்திருந்தது. மனையில் இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மளிகைக் கடையில் வாங்கிய கல் உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டினோம். ஒவ்வொன்றிலும் ஒரு வெண்கலத் துண்டு. ஒன்றில் லேத்காரரின் கட்டி, இன்னொன்றில் மும்பைக் கட்டி. ஏற்கெனவே ஏடு கட்டியதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று லேத்காரரின் கட்டியை அவள் பளபளவென்று தேய்த்துவிட்டிருந்தாள். கட்டியையும் வெண்கலத்தையும் ஒயரால் இணைத்து நடுவில் மல்டிமீட்டரை வைத்தோம். கணவர் எங்களுக்கும் மீட்டருக்கும் சேர்த்துக் குடை பிடித்தார். எதிர்வீட்டு ஆசிரியர் கேட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

இரண்டிலும் முள் ஒரே மாதிரி ஏறியது.

“பாத்தீங்களா?” என்றாள் நாத்தனார். ஜெயித்த குரலாக இல்லை அது, அழப்போகிற குரலாக இருந்தது. காரணம் கட்டி இல்லையென்றால் வேறு எதுவென்று தெரியாது. தெரியாத ஒன்றோடு படகைத் திரும்பத் தண்ணீரில் இறக்க முடியாது.

“ஒயரை அப்படியே விடு. நாளைக்குப் பார்ப்போம்” என்றேன்.

மறுநாள் ஞாயிறு. கணவர் பாட்டுக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சட்டையோடேயே எங்களுடன் மனைக்கு வந்தார். மும்பைக் கட்டியின் டிரம்மில் தண்ணீர் பால் கலந்தது போலக் கலங்கி, முள் கிட்டத்தட்ட முந்தைய நாள் நின்ற இடத்திலேயே நின்றது. மற்றதில் தண்ணீர் தெளிவாக இருந்தது. கட்டியின் மேல் சாம்பல் பூத்திருந்தது. மீட்டரை வைத்தால் முள் பாதிக்குக்கூட வரவில்லை. மாலையில் பார்த்தபோது அதுவும் இறங்கிவிட்டிருந்தது.

நாத்தனார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேறு என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் எதற்கும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“அன்னிக்குக் கரையலன்னு பிரியாணி சாப்பிட்டோம் அண்ணி” என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆசிரியர் கேட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

லேத்காரரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் நீண்ட நேரம் இரண்டு டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கைப்பிடி, கார்புரேட்டர்னு உருக்குனது. ஸ்க்ரூ கிக்ரூ ஒண்ணு ரெண்டு உள்ள போயிருக்கும் மேடம். பாக்க நல்லா இருந்துச்சே!” என்றார்.

“எங்களுக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன். புது வால்வுகளுக்குத் தாங்குதகடுகளை அவரே வந்து பொருத்திக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மழை விட்ட நேரமெல்லாம் வேலைதான். பித்தளையை ஒன்றுவிடாமல் பிடுங்கி எறிந்துவிட்டு வெண்கல வால்வுகள் போட்டோம். துத்தநாகக் கட்டி ஷாஃப்ட்டைத் தொடும் இடத்தை உலோகம் பளிச்சென்று தெரிகிற வரை தேய்த்தோம், நடுவில் அழுக்கு இருந்தாலும் மின்சாரம் தாண்டாது என்பதால். எல்லாம் முடிந்து அடிப்பாகத்துக்குச் சிப்பி ஒட்டாத பெயின்ட் அடிக்க இரண்டு பேர் வந்தார்கள். நாத்தனார் மாடியிலிருந்து ஏதோ மீட்டிங்கில் பேசிக்கொண்டே எட்டிப் பார்த்திருக்கிறாள். பெயின்டர் சிரத்தையாகக் கட்டியின் மேலும் பிரஷ்ஷை வைக்கப் போயிருக்கிறார்.

“அண்ணா! அதுல படக் கூடாது! கைய எடுங்க!” என்று அடுத்த தெரு வரை கேட்கிற மாதிரி அலறியிருக்கிறாள். பெயின்டர் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டார். மீட்டிங்கில் இருந்த பெங்களூர்க்காரர்கள் என்ன நினைத்தார்களோ. பெயின்ட் பட்டால் தண்ணீர் துத்தநாகத்தைத் தொடாது, தொடாவிட்டால் மறுபடியும் அதே கதை.

பொங்கல் கழிந்து படகை இறக்கினோம். ஆசிரியரும் அவர் மனைவியும் தெருமுனை வரை வழியனுப்ப வந்தார்கள். கணவர் முதன்முறையாகத் துறைமுகத்துக்கு வந்து, படகில் ஏறாமல், கரையில் நின்றபடி ஒவ்வொரு வால்வும் மூடுகிறதா என்று எங்களை மூடி மூடித் திறந்து காட்டச் சொன்னார். விற்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முதல் மாதம் முழுவதும் எனக்கு மறுபடி அந்தக் கட்டியின் நினைப்புதான். மார்ச்சில் ஒரு ஞாயிறு, யாரையும் கூப்பிடாமல் நாத்தனாரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். அவள் பிடித்திருந்த கயிறு என் கையில் இழுபட்டுக்கொண்டே இருந்தது. மேலே வந்தவள் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

“கரையுது அண்ணி! நல்லா கரையுது! ஓரமெல்லாம் பொக்கு பொக்கா இருக்கு. ப்ரொப்பெல்லர் அப்படியே இருக்கு!”

காசிமேட்டுக்காரர் பக்கத்துப் படகிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, துட்டு போட்டு வாங்குனது கரைஞ்சி போச்சுன்னு இப்டி சிரிக்கிறீங்க?” என்றார்.

ஏப்ரலில் அவள் ராயபுரத்தில் ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாள். துறைமுகத்துக்குப் பக்கம், ஒற்றைப் படுக்கையறை. நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கணவர் கையில் எடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“இங்க உனக்கு என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்லண்ணா. எனக்கு ஒரு வீடு வேணும், அவ்வளவுதான்.”

“தனியாவா?”

“நடுக்கடல்ல ஓட்டையை அடைச்சிருக்கேன். தனியா ஒரு வீட்டுல இருக்க மாட்டேனா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் ரசத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அடுத்த ஞாயிறு பாட்டுப் பயிற்சியை விட்டுவிட்டு அவர் ராயபுரம் போய் அந்த வீட்டின் குழாய்கள், தாழ்ப்பாள், மொட்டை மாடிக் கதவு எல்லாம் பார்த்துவிட்டு வந்தார். “பரவாயில்ல” என்றார். அன்று மாலையே அவளுக்கு ஒரு மிக்ஸியும் வாங்கி வந்தார்.

அவள் போன பிறகு வீட்டில் தலைக்கு மேலே சத்தம் இல்லை. சமையலறையில் நிற்கும்போது நான் ஏதோ ஒன்றை அடுப்பில் வைத்து மறந்துவிட்டது போலவே இருக்கும். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இப்போதெல்லாம் நான்தான் மொட்டை மாடியில் நடக்கிறேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் போன் செய்தாள். பாண்டிச்சேரி வரை போய் வரலாம், காற்று நன்றாக இருக்கும் போலிருக்கிறது, சனிக்கிழமை விடியலில் கிளம்பினால் திங்கள் மாலைக்குள் திரும்பிவிடலாம் என்றாள். அவ்வளவு தூரம் நாங்கள் போனதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பிறகு கீழே இறங்கி வந்து, கணவரிடம் சொல்வதற்கு முன்பே, நர்ஸுக்குப் போன் போட்டுத் திங்கட்கிழமை நோயாளிகளையெல்லாம் புதன்கிழமைக்கு மாற்றச் சொன்னேன்.